சாலைப் பக்கத்துப் பாதி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அண்ணியிடமும் "நலமா?" என்று கேட்டேன். "என்ன திடீர்னு?" என்றாள். உடம்புக்கு முடியாதவள் இவ்வளவு சுருக்காகப் பதில் சொல்ல மாட்டாள், ஆகவே அவளும் நலம். உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. தன் நிலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவனுக்கு இடுப்புவலி வர வழியில்லை, இடுப்புவலி இல்லாதவன் நலமாகத்தான் இருப்பான். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மரியாதைகள் இத்துடன் முடிந்தன, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் நீ போனில், "அண்ணா, நிலத்துல என் பாதியை வித்துடலாம்னு இருக்கேன், கிடங்கு கட்ட ஒருத்தர் கேக்கறார்" என்று சொன்னாய். அதற்குப் பிறகு, "ஆனா அண்ணா, அப்பா சாலைப் பக்கம்னு சொன்னப்போ..." என்று வேறு ஏதோ ஆரம்பித்தாய். பழங்கதை கேட்க நேரமில்லாததால் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நினைக்காதே. போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அப்பா நிலத்தைப் பிரித்த நாள் உனக்கும் ஞாபகம் இருக்கும். நிலத்தின் நடுவில் நின்று, அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, "சாலைப் பக்கம் பெரியவனுக்கு, அடுத்த பக்கம் சின்னவனுக்கு" என்றார். எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். ஏன் அப்படிப் பிரித்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாலைப் பக்கம் என்றால் தூசி வரும், ஆடு வரும், ஆள் வருவான், எல்லாவற்றையும் சமாளிக்கப் பொறுப்பானவன் வேண்டும். பிறகு நாம் ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போனோம், அப்பாவும் போய்ச் சேர்ந்தார், நிலம் கேட்பாரில்லாமல் கிடந்தது. நான் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து பார்த்தால், நிலத்தை ஒட்டி அகலமான தார்ச்சாலை, பேருந்து எதிரும் புதிருமாகப் போகிறது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சாலைப் பக்கத்துப் பாதிக்கு வேலி போட்டேன், மண்வெட்டியை இறக்கினேன். இன்று அங்கே வெண்டை நிற்கிறது, கத்தரி நிற்கிறது, பூசணி படுத்திருக்கிறது. அதற்குப் பின்னால் உன் பாதி. அங்கே ஆள் உயரத்துக்குப் புல். அதற்குள் ஒரு மாடு போனால் திரும்பி வரும்போது கன்றோடுதான் வரும்.

இப்போது வரிக்கு வருகிறேன். உனக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன். நம் நிலத்தை ஊர் சுற்றி வளைத்துவிட்டது. ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் மாடி வீடுகள். இடத்தின் இன்றைய மதிப்புக்கு வரி போட்டால் வெண்டைக்காய் விற்றுக் கட்ட முடியாது, வெண்டைச் செடியோடு என்னையும் சேர்த்து விற்றாலும் முடியாது. அதனால் விவசாயம் நடக்கிற நிலத்துக்கு மட்டும், அது என்ன விளைவிக்கிறது என்று பார்த்துக் குறைந்த வரி போடுகிறார்கள். அதுதான் சலுகை. சும்மா தர மாட்டார்கள். உரிமையாளர் தானே பயிர் செய்ய வேண்டும். விளைந்ததில் கொஞ்சமாவது விற்க வேண்டும். நிலத்தில் வேறு தொழில் நடக்கக் கூடாது. தரிசாகப் போட்டால் சலுகை போகும், போவதோடு விடாமல் இத்தனை நாள் கொடுத்த சலுகையையும் பின்னோக்கிக் கணக்குப் பார்த்துத் திரும்பக் கேட்பார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியபோது அரசாங்க விதிப் புத்தகங்களை மை காய்வதற்குள் படித்து முடித்தவன். வக்கீல்களுக்குக்கூட அதற்குப் பிறகுதான் கையில் கிடைக்கும்.

அப்படிப்பட்ட எனக்கு, சலுகை ரத்து என்று நோட்டீஸ் வந்தது. காரணம், "நிலம் வாகன நிறுத்துமிடமாகப் பயன்படுத்தப்படுகிறது." சட்டையை மாட்டிக்கொண்டு நேரே வரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒன்றோடு ஒன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், ஒருவர் எழுந்தால் வரிசை முழுவதும் ஆடும். ஆடி ஆடி என் முறை வந்ததும், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். வானத்திலிருந்து எடுத்த படமாம். நம் நிலம் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது.

"பாருங்க, கார் நிக்குது."

"அது கார் இல்லைங்க, கோழிக்கூடு."

"ஐயா, கூரை தெரியுது, முன்கண்ணாடி தெரியுது."

"முன்கண்ணாடி கோழிக்கு வெளிச்சம் வரணும்னு விட்டு வெச்சது. உள்ளே இன்ஜின் கிடையாது. அந்த இடத்துலதான் அடைகாக்குது."

"ஆனா இந்த வண்டி இன்னும் உங்க பேர்லதான் பதிவாயிருக்கு."

"கோழிங்க பேருக்கு மாத்தித் தர்ற ஆபீஸ் எதுன்னு சொல்லுங்க, இப்பவே போய் மாத்திடறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. அவர் திரையில் இன்னும் கீழே போய், இரண்டாவது காரணம் ஒன்றும் இருப்பதாகச் சொன்னார். போன மாதம் யாரோ ஒரு கள அலுவலர் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். "நிலத்தில் கோட்டு அணிந்த ஒரு நபர் நிற்கிறார். பலமுறை அழைத்தும் பதில் இல்லை. ஆக்கிரமிப்பாளராக இருக்கலாம்." தம்பி, அது சோளக்கொல்லை பொம்மை. நீ முதல் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது போட்டுக்கொண்டாயே, சாம்பல் நிறக் கோட்டு, அதை இங்கே விட்டுவிட்டுப் போனாய் அல்லவா, அதைத்தான் குருவி விரட்ட மாட்டியிருக்கிறேன். குமாஸ்தாவிடம் சொன்னேன், "அது பொம்மைங்க. போட்டிருக்கறது என் தம்பி கோட்டு. அவனும் அப்படித்தான், நிப்பான், வேலை எதுவும் செய்ய மாட்டான்." அவர் அதைக் கேட்டுவிட்டு, நிலத்தை நேரில் பார்க்க ஓர் அதிகாரியை அனுப்புவதாகவும், அதற்குள் விளைச்சலை விற்றதற்கு வாங்கியவர்களின் கையெழுத்தோடு ரசீதுகளைத் தயாராக வைக்கும்படியும் சொன்னார்.

விற்பனைதான் கொஞ்சம் சிரமம். மறுநாளிலிருந்து வேலிக்கு வெளியே சாக்கு விரித்து, வெண்டையையும் பூசணியையும் பரப்பி உட்கார்ந்தேன். பேருந்துக்கு நிற்கிறவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார்கள். ஒடித்துப் பார்ப்பவர்களுக்கு நான் விற்பதில்லை. "முத்தலா இளசான்னு பாக்க வேணாமா?" என்று ஓர் அம்மாள் கேட்டாள். "நான் சொல்றேனே, இளசுன்னு. அப்புறம் என்ன சோதனை? மாப்பிள்ளை பார்க்கும்போது விரலை ஒடிச்சா பார்த்தீங்க?" என்றேன். அவள் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் போய்விட்டார்கள். உன் அண்ணி வேலிக்குள்ளிருந்து, "ஏங்க, ஒடிக்காம உலகத்துல யாருங்க வெண்டைக்கா வாங்குவா?" என்றாள். "நம்பிக்கை இருக்கறவங்க வாங்கட்டும்." "அப்போ நாமதான் தின்னாகணும்." சொன்னபடியே பல நாள் வெண்டைக்காய் தின்றோம். வேலியைத் தாண்டி ஒரு காய்கூட விலைபோகவில்லை.

ஆனால் என் கொள்கை கடைசியில் வென்றது. அடுத்த தெருத் தையற்காரர் வந்தார். ஒடிக்கவில்லை, தட்டவில்லை, பேரம் பேசவில்லை. பூசணிக்காய்களை எல்லாம் அப்படியே வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இப்படி ஒரு மனிதர் ஊரில் இருக்கிறாரே என்று அண்ணியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். அவளும் ஆமாம் ஆமாம் என்றாள். நீ ஒன்று தெரிந்துகொள், நான் பூசணியைப் பிஞ்சிலேயே நகத்தால் ஒரு கோடு கீறி விட்டுவிடுவேன், களவு போனால் அடையாளம் காட்ட. காய் வளர வளரக் கோடும் வளரும். மறுநாள் மதியம் சாப்பாட்டில் பூசணி. கை கழுவப் போனவன் குப்பைக் கூடையில் தோலைப் பார்த்தேன், என் நகக்கோடு. அதற்கடுத்த நாளும் பூசணி. "இது என்ன?" என்று கேட்டேன். "வாங்கினேன்" என்றாள். "யார்கிட்டே?" "தையற்காரர்கிட்டே." "அவர் யார்கிட்டே வாங்கினார்?" "சாப்பிடுங்க, ஆறிடும்." தையற்காரருக்கு ஒரு பூசணி கூலியாம். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தேன். விற்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, யார் தின்ன வேண்டும் என்று அதில் இல்லை. ரசீது செல்லும். இந்த நுணுக்கம் படித்த வக்கீலுக்குக்கூடத் தோன்றியிருக்காது.

பிறகு அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண், பெரிய குடை. நான் வேலிக் கதவைத் திறந்து, கோழிக்கூட்டை முதலில் காட்டி நோட்டீஸின் முதல் காரணத்தை உடைத்துவிடலாம் என்று, காரின் பின்கதவைப் பிடித்து இழுத்தேன். அது எப்போதும் ஒட்டிக்கொள்ளும், இழுத்த வேகத்தில் திறந்துகொண்டது, உள்ளே இருந்த சிவப்புக் கோழி கிளம்பி நேராக அந்தப் பெண்ணின் குடைமேல் உட்கார்ந்துவிட்டது. அவர் அசையவில்லை. குடையைப் பிடித்தபடியே, மேலே கோழியோடு, வெண்டை வரிசைகளுக்கு நடுவே நடந்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பொம்மையின் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஐயா, இதைவிட என்ன அத்தாட்சி வேணும், இந்தப் பாதி நல்லாவே விவசாய நிலம்தான், நான் எழுதிடறேன்" என்றார். அரசாங்கத்தில் நல்ல கண் உள்ளவர்களும் இருக்கிறார்கள். பிறகு கோழியைக் கீழே இறக்கிவிட்டு, உன் புல்லைப் பார்த்தார்.

"அது?"

"அது என் தம்பியோடது."

"தரிசா கிடக்கே."

"கிடக்கட்டும்."

"இல்லை ஐயா, ஒரு வழி இருக்கு. உடன்பிறந்தவங்க பயிர் செஞ்சாலும் உரிமையாளரே செஞ்ச மாதிரின்னு ஒரு விதி இருக்கு. உங்க தம்பி பாதியையும் நீங்களே கொத்திப் போட்டீங்கன்னா அவருக்கும் சலுகை கிடைச்சிடும்."

அந்த விதி எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்கிறார். எனக்குத் தெரியும், நான் அச்சடித்ததுதான். அப்போதே அது பிடிக்காமல் அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாக ஓட்டினேன். "அம்மா, அது சோம்பேறிக்குன்னே எழுதின விதி" என்றேன். "ஒருத்தன் வெயில்ல குனிவான், இன்னொருத்தன் ஊர்ல உக்காந்து சலுகை வாங்குவானா? எவன் நிலத்துல புல் நிக்குதோ அவன் முழு வரி கட்டட்டும். பழைய சலுகையையும் திருப்பித் தரட்டும். புல் வெட்டாததுக்கு அபராதமும் போடுங்க." அவர், "யோசிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றார். "யோசிக்கறதுக்கு என்ன இருக்கு, இப்பவே எழுதித் தர்றேன்" என்று சொல்லி, கார் முகப்பின்மேல் தாளை வைத்து அங்கேயே மனு எழுதிக் கொடுத்தேன். "மேற்படி நிலத்தில் தரிசாகக் கிடக்கும் பாதியின் உரிமையாளர் யாராயினும், உறவு முறை பாராமல், எவ்விதத் தள்ளுபடியும் இன்றி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்." உன் பேரைக்கூட எழுதவில்லை பார், அந்தப் பண்பு எனக்கு உண்டு. அண்ணி, "நம்ம தம்பிங்க அவரு" என்றாள். "அதனாலதான் அபராதத்தை இவ்வளவுன்னு எழுதாம விட்டேன்" என்றேன்.

அதிகாரி மனுவை மடித்து வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். நிலம் பதிவேட்டில் இன்னும் அப்பா பேரில் ஒன்றாகவே இருக்கிறதாம், எந்தப் பாதி யாருடையது என்று உறுதி செய்ய சர்வேயரை அனுப்ப வேண்டுமாம், பிரித்தபோது கூட இருந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். "எங்க அக்கா இருக்காங்க, மறதிங்கறதே கிடையாது, நான் சின்ன வயசுல உடைச்ச பாத்திரத்தையெல்லாம் இன்னும் வரிசையாச் சொல்லுவாங்க" என்றேன். அக்கா நாளைக் காலை வருகிறாள், சர்வேயரும் வருகிறார். அத்தோடு எல்லாம் சுத்தமாக முடிந்துவிடும்.

ஆகவே தம்பி, நீ விற்றுக்கொள். அண்ணன் தடுப்பானோ என்று பயப்படாதே. உன் பாதி உனக்கு, என் பாதி எனக்கு. உன் பாதியில் நீ கிடங்கு கட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை, குளம் வெட்டினாலும் ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் நான் கொத்திய மண் மட்டும்தான், காலையில் எழுந்தால் போய் நிற்க ஓர் இடம். அது எனக்கு இருக்கிறது. இந்த வயதில் அதை யாரும் என்னிடமிருந்து வாங்க முடியாது. விற்பனைக்கு என் முழுச் சம்மதத்தையும் தனித் தாளில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வரி, அபராதம் எல்லாம் போக உனக்கு என்ன மிஞ்சும் என்பது உன் பாடு. இதிலிருந்து நீ ஒரு பாடம் கற்றால் எனக்குத் திருப்தி.

வீட்டில் எல்லாருக்கும் என் ஆசிகள். பெரியவளை நன்றாகப் படிக்கச் சொல், முக்கியமாக விதிகளை. சின்னவன் என்னைப்போல இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அக்காவும் சர்வேயரும் வந்து போய்விட்டார்கள். மேலே உள்ளதில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது.

சர்வேயர் நாடாவை விரித்துக்கொண்டு தயாராக நின்றார். நான் அக்காவிடம், "அப்பா சொன்னதை அப்படியே சொல்லுக்கா" என்றேன். "சாலைப் பக்கம் பெரியவனுக்குன்னாரு" என்றாள். நான் சர்வேயரைப் பார்த்து, "எழுதிக்குங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஆனால் அக்கா நிற்கவில்லை. வெண்டைக்கு நடுவே நடந்து, கோழிக்காரைத் தாண்டி, அந்தப் புல்லுக்குள்ளேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்கே போறே? அது அவன் பாதி, பூச்சி பொட்டு இருக்கும்!"

"டேய், அப்போ சாலை எங்கேடா இருந்துச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் காலால் புல்லை மிதித்து ஒதுக்கினாள். அடியில் சரளைக்கல் பாவிய பழைய சாலை. நேரே போய் டயர் கடைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. "இதுலதானே நாம பள்ளிக்கூடம் போவோம். அந்தப் பெரிய ரோடு அப்பா போனப்புறம் போட்டதுடா. நீ ஊர்லயே இல்லையே அப்போ" என்றாள். சர்வேயர் என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளச் சொன்னவன் நான்தான், ஆகவே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

சுருக்கமாக, வெண்டையும் கத்தரியும் பூசணியும் நிற்கிற பாதி உன்னுடையது. கோழிகள் என்னுடையவை, அவை உட்கார்ந்திருக்கும் இடம் உன்னுடையது. புல் என்னுடையது. "கடிதத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதுங்களேன்" என்றாள் உன் அண்ணி. எழுதியதைக் கிழிப்பது என் வழக்கமில்லை. "உன் பாதி" என்று வருகிற இடத்தில் எல்லாம் "என் பாதி" என்று படித்துக்கொள், சரியாக வந்துவிடும். சோம்பேறி என்று வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடு.

அந்த அதிகாரிக்கு நானே போன் செய்தேன். "ஐயா, உங்க மனு மேல நடவடிக்கை ஆரம்பிச்சாச்சு, நீங்க கேட்ட மாதிரியே, உறவு முறை பாராம" என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு செருமல் கேட்டது, வாயைக் கையால் பொத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். "மனுவைத் திரும்ப வாங்கிக்கறீங்களா?" என்றார். "எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கற பழக்கம் எனக்கில்லைம்மா" என்றேன். பக்கத்தில் அண்ணி, "வாங்குங்களேன், வாங்குங்களேன்" என்று கையாலேயே கெஞ்சினாள். "அப்போ ஒரே வழிதான் ஐயா. தரிசுன்னு நீங்களே எழுதிக் கொடுத்ததால, இனிமே நீங்க கொத்தினா கணக்குல வராது. நடவடிக்கை முடியறதுக்குள்ள உங்க பாதியை உங்க தம்பி வந்து பயிர் செஞ்சா, உடன்பிறந்தவர் விதிப்படி உங்களுக்குச் சலுகை தரலாம். மனுவும் தானா அடங்கிடும்" என்றார். நான் அந்த விதியைத் திரும்பவும் நினைத்துப் பார்த்தேன். மிக நன்றாக எழுதப்பட்ட விதி. அதை எழுதியவருக்கும் ஒரு தம்பி இருந்திருக்க வேண்டும்.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். "அவனுக்கு இது ரொம்ப நாளாத் தெரியும்டா. நீ ஆசையா கொத்திட்டிருக்கே, சொன்னா நீ மண்வெட்டியைக் கீழே போட்டுடுவேன்னு வாயை மூடிட்டிருந்தான். அன்னிக்குப் போன்ல, 'அண்ணன் முன்பக்கத்தையே வெச்சுக்கட்டும், நான் பின்பக்கத்தை எடுத்துக்கறேன்'னு சொல்ல வந்தானாம். நீ டக்குனு வெச்சுட்டியாமே." இதைக் கேட்டபின் நான் கொஞ்ச நேரம் கோழிக்காருக்குள் போய் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் அதிகம். ஓட்டுநர் இருக்கையில் கோழி இருந்ததால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

நீ அன்று இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும், தவறு உன்னுடையது. எப்படியானாலும் உன் தாராளத்தை நான் ஏற்கப் போவதில்லை. அப்பா எனக்குக் கொடுத்தது புல் பக்கம், அதுவே என்னுடையது, அதை நான் யாருக்கும் மாற்றிக்கொடுக்க மாட்டேன். உன் பாதியை நான் பயிர் செய்கிறேன், சலுகை உனக்கு. என் பாதியை நீ வந்து பயிர் செய், சலுகை எனக்கு. அப்படியானால் விற்க ஒன்றும் மிஞ்சாது, கிடங்குக்காரரிடம் சொல்லிவிடு. மேலே சொன்ன சம்மதத் தாளை உறைக்குள் தேடாதே, உன் அண்ணி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். அவள் செய்கைக்கு நான் பொறுப்பில்லை. தடுக்கவும் இல்லை.

கத்தரி காய்த்துவிட்டது. உன் நிலத்துக் காய் என்பதால் தெரிவிக்கிறேன், பறிக்க அனுமதி கேட்பதாக நினைக்காதே. வேண்டுமானால் வெண்டையின் நுனியையும் ஒடித்துப் பார்த்துக்கொள், உன்னுடையதுதானே. வரும்போது பழைய சட்டை ஒன்று எடுத்து வா, புல் கையைக் கிழிக்கும். பொம்மையிலிருந்து உன் கோட்டைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், ஊருக்குத் திரும்பும்போது நீ போட்டுக்கொண்டு போகலாம். பொம்மைக்கு என் சட்டையை மாட்டி, பின்பக்கத்துப் புல்லின் நடுவே நிறுத்திவிட்டேன். மறுபடி யாராவது வேலி வழியாக எட்டிப் பார்த்தால், உரிமையாளர் தன் நிலத்தில்தான் இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளட்டும். இப்போதைக்கு நிற்கத்தான் செய்கிறார், வேலை எதுவும் செய்யவில்லை.